வாங்கிய இடத்துக்கே திரும்பட்டும்: நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மேல் தெருப் படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டாகிவிட்டது. தெருவிளக்குகள் பற்றி நகராட்சியிடம் மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் உழைத்தது குப்பை விஷயத்தில்தான் என்பதால், இனி அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "மாசாமாசம் ஓடையைச் சுத்தம் பண்றோம், அடுத்த மாசமே அவ்வளவும் திரும்ப வந்துடுது. எத்தனை வருஷம்தான் பொறுக்கிக்கிட்டே இருக்கிறது?" என்று கேட்டார். அன்று யாரிடமும் பதில் இல்லை. அதனால் இந்த ஆண்டு பொறுக்கியதை அப்படியே மூட்டை கட்டி அனுப்பவில்லை. சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, என்ன பொருள், யார் தயாரித்தது என்று பிரித்து நோட்டில் எழுதினோம். பள்ளிப் பிள்ளைகள்தான் சலிக்காமல் எழுதினார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

தார்ப்பாயில் கிடந்தவை பெரும்பாலும் சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளும் ஷாம்பு, பாக்கு உறைகளும்தான். கிடக்காதவற்றைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது: திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும் பொருள் ஓடைக்கு வருவதில்லை. உடையாத காலி மதுபாட்டில் ஒன்றிரண்டுதான் இருந்தது. வண்டி பேட்டரி ஒன்றுகூட இல்லை. பழைய பேப்பரும் இல்லை.

மதுபாட்டில் விஷயம் உங்களுக்குத் தெரியும். காட்டோரமும் தேயிலைச் சரிவிலும் வீசப்பட்ட பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. அதன்பேரில் 2022 மே மாதம் நம் நீலகிரி மாவட்டத்தில்தான் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் முதலில் தொடங்கியது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தந்துவிடுவார்கள். பிறகு இது வேறு மாவட்டங்களுக்கும் போனது. கடை ஊழியர்களுக்கு வேலைச் சுமை கூடியது உண்மை, அந்தக் குறை நியாயமானது. ஆனால் நம் ஓடையைப் பொறுத்தவரை அந்தப் பத்து ரூபாய் செய்த வேலையை எத்தனையோ எச்சரிக்கைப் பலகைகள் செய்ததில்லை. குடித்தவரே வீசிவிட்டுப் போனாலும், வேறொருவர் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்.

வண்டி பேட்டரியும் அப்படித்தான். பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். விற்றவர் பழையதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001லேயே விதி வந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஈயத்துக்கும் நல்ல விலை உண்டு. அதனால்தான் அது எந்தச் சாக்கடையிலும் கிடப்பதில்லை. நம்மில் வயதானவர்களுக்கு இது புதிதும் அல்ல. கோலி சோடா குடித்தால் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவோம். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் முன்பணம் கட்ட வேண்டும்.

சரி, சிப்ஸ் பாக்கெட் ஏன் திரும்பிப் போவதில்லை? பிளாஸ்டிக்கையும் மெல்லிய உலோகப் பூச்சையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த உறை அது. பிரித்தெடுக்க முடியாது, எடையும் இல்லை. காயலான் கடையில் காட்டினோம், இனாமாகக்கூட வேண்டாம் என்றார்கள். கடைசியில் சிமென்ட் ஆலையின் உலைக்கு எரிபொருளாகப் போவதுதான் அதற்குக் கிடைக்கும் நல்ல முடிவு. தயாரித்தவரே பொறுப்பேற்க வேண்டும் என்று 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு நிறுவனங்கள் மறுசுழற்சியாளர்களிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம் என்று ஆனது. அதில் போலிச் சான்றிதழ்கள் புகுந்ததை 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையே கண்டுபிடித்தது. சான்றிதழ் எங்கோ ஒரு கணினியில் ஏறுகிறது, பாக்கெட் நம் ஓடையிலேயே கிடக்கிறது. இது என்னை மிகவும் வருத்துகிறது. பொறுக்குவது நம் வேலை என்றும், தூய்மைப் பணியாளர்களின் தலையெழுத்து என்றும் ஆகிவிட்டது. விற்றவர் ஒரு நாளும் வந்து குனிந்ததில்லை.

மின்னணுக் கழிவிலும் இதே அனுபவம்தான். வீடுகளில் கிடந்த சார்ஜர், பழுதான கைபேசி, மிக்சி மோட்டார் எல்லாம் சேகரித்தோம். ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனபோது வாங்க மறுத்துவிட்டார்கள். புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பதாக எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அந்தப் பெட்டிகள் இன்னும் சங்க அறையிலேயே இருக்கின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் ஒருவரிடம் பேசி வருகிறோம். அதுவரை டியூப்லைட்டை மட்டும் தயவுசெய்து உடைக்காமல் கொடுங்கள், அதில் பாதரசம் இருக்கிறது.

இனி மகிழ்ச்சியான செய்தி. பாத்திர வங்கி தொடங்கிவிட்டோம். எவர்சில்வர் தட்டு, டம்ளர், கரண்டி, பெரிய அண்டா எல்லாம் உறுப்பினர்கள் கொடுத்தவை. பெரும்பாலானவற்றில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறது, யாரோ சீராகக் கொடுத்தவை. கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், எதுவானாலும் இரவல் எடுக்கலாம். வாடகை இல்லை, முன்பணம் மட்டும் உண்டு. எண்ணிக்கை சரியாக வந்ததும் திருப்பித் தந்துவிடுவோம். முதலில் "யார் கழுவுவது?" என்று தயங்கினார்கள். ஒரு வீட்டு விசேஷத்தில் விருந்தினர்களே வரிசையில் நின்று கழுவி வைத்தார்கள். அப்புறம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பள்ளிச் சீருடை, புத்தகப் பரிமாற்றமும் ஜூன் மாதம் நன்றாக நடந்தது. தையல் தெரிந்த நான்கு சகோதரிகள் கிழிந்த பைகளையும் ஸ்வெட்டர்களையும் சரிசெய்து தருகிறார்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கூடத்தின் மழைநீர்த் தொட்டியைத் தூர் வாரியாகிவிட்டது. கோடையில், நம் குன்னூருக்குக் குடிநீர் தரும் ரேலியா அணையில் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மே சீசனில் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சிக்கு வருபவர்களைப் பற்றிப் பலர் குறை சொன்னீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை என்பது, மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இருக்கும் பர்லியாறு தாண்டி மேலே வந்த பிறகும் பலருக்குத் தெரிவதில்லை. நம் பகுதி தங்கும் விடுதிகளில் குடிநீர்க் குடுவை வைக்கச் சொல்லிப் பேசினோம். சிலர் வைத்துவிட்டார்கள், மற்றவர்களிடம் மீண்டும் போவோம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று, பாட்டிலுக்கு இருப்பதுபோல் பாக்கெட் உறைகளுக்கும் திரும்பப் பெறும் தொகை வேண்டும் என்று, பிள்ளைகள் எழுதிய நோட்டின் நகலோடு மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு அனுப்புவது. இரண்டு, பாத்திர வங்கிக்கு ஓர் இரும்பு அலமாரி வாங்குவது. இப்போது தட்டுகள் என் வீட்டு வராந்தாவில்தான் அடுக்கியிருக்கின்றன.

பணிவன்புடன்,
செயலாளர்