நீ அனுப்பிய கணக்கு பற்றி

அன்புள்ள வித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்குக் கண்ணில் மருந்து விடுவது நின்றுவிட்டது. இப்போது தினமும் பேப்பரை அவரே படித்து, எனக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். தம்பி வீடு மாறிவிட்டான். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

நீ திறக்க நினைக்கும் கடைக்கு உத்தேசமாகப் போட்ட கணக்கை, அனுப்பிய அன்றே பிரிண்ட் எடுத்துவிட்டேன். 'சும்மா பாருங்கம்மா' என்று மட்டும் எழுதியிருந்தாய். சும்மா பார்க்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலம் முழுக்க இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளோடுதான் குடித்தனம். அனுப்பிய பிறகு உன்னிடமிருந்து போனும் இல்லை, மெசேஜும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சுத்தமான கணக்கு. கூட்டல் எங்கும் பிசகவில்லை. தேய்மானத்தை மறக்காமல் போட்டிருக்கிறாய். அதை மறந்துவிட்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்த பெரிய மனிதர்கள் உண்டு. அப்பாவிடம் காட்டினேன். 'நம்ம பொண்ணு போட்டதா?' என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆனால் கூட்டல் சரியாக இருப்பதை வைத்துக் கடை ஓடாது வித்யா. ஷீட்டில் விற்பனை என்ற வரிசையை எடுத்துக்கொள். தெருவில் நடக்கிறவர்கள், அதில் உள்ளே வருகிறவர்கள், அதில் வாங்குகிறவர்கள், ஒருவர் சராசரியாக வாங்கும் தொகை. நான்கையும் பெருக்கியிருக்கிறாய். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது. நான்கிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும் என்று கால்குலேட்டரில் போட்டுப் பார். விற்பனை 80 சதவீதத்தில் நிற்காது, 41 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வாடகை மட்டும் 100 சதவீதமாகவே இருக்கும். நான்கும் ஒரே சமயத்தில் குறையுமா என்று கேட்பாய். நான்கையும் போட்டது ஒரே கை, அதுவும் கடை திறக்க ஆசைப்படுகிற கை. தவறினால் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் தவறும்.

அடிக்குறிப்பில் 'சனிக்கிழமை மாலை எண்ணியது' என்று எழுதியிருக்கிறாய். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் அதே எண்ணை வாரத்தின் ஏழு நாளுக்கும் இழுத்துவிட்டாயே. வாரநாளில் மதியம் இரண்டு மணிக்கு அந்த வழியாக யார் போகிறார்கள்? மழை நாளில்? பஸ் பிடிக்க ஓடுகிறவனும் உன் எண்ணிக்கையில் இருக்கிறான், அவன் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

அப்புறம் அந்த 5 சதவீதம். முதல் மாதத்திலிருந்து மாதாமாதம் விற்பனை 5 சதவீதம் ஏறுகிறது. படிக்கும்போது அடக்கமான எண்ணாகத்தான் தெரிகிறது. 24-ஆம் மாதத்தில் அது மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. கடை அதே அளவு, ஆட்கள் அதே இரண்டு பேர். மூன்று மடங்கு கூட்டத்துக்கு யார் பில் போடுவார்கள்? ஷீட்டில் ஒரு கட்டத்துக்குள் எண்ணைப் போட்டு, மௌஸைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறாய், அவ்வளவுதான். திறந்த புதிதில் வரும் கூட்டத்தில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், மீதியில் உன் சிநேகிதிகள் பலர். எத்தனையோ கடைகளுக்கு முதல் மாதம்தான் உச்சம், அதன் பிறகு இறங்கித்தான் ஒரு நிலைக்கு வரும். எங்கள் மேலாளர் ஒருவர் இருந்தார். எந்த ரிப்போர்ட் வந்தாலும் முதல் வருட விற்பனையைப் பேனாவால் அடித்துப் பாதியைப் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் படிக்கவே தொடங்குவார். நீயும் பாதி போட்டுப் பார்.

பெரிய கம்பெனிக்காரர்கள் ஆராய்ச்சி செய்து திறக்கிறார்கள், அவர்கள் கணக்கெல்லாம் தவறுவதில்லையே என்று அப்பா சொன்னார். அவருக்காகவே தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டார்கெட் கம்பெனி 2013-இல் கனடாவுக்குப் போய் ஒரே வருடத்தில் 124 கடைகளைத் திறந்தது. முதல் வருடத்துக்குள்ளேயே லாபம் வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தார்கள், 17,000 பேருக்கு மேல் வேலை போயிற்று. 2021 வரையாவது லாபத்துக்கு வழியே தெரியவில்லை என்றார் புதிதாக வந்த தலைவர். அவர்கள் நம்பியது ஒன்றுதான். கனடாக்காரர்கள் எல்லை தாண்டி வந்து டார்கெட்டில் ஆசையாக வாங்குகிறார்கள், வாசலிலேயே திறந்தால் இன்னும் வாங்குவார்கள். வந்தவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்து விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முகம் சுளித்தார்கள். கம்ப்யூட்டரில் சரக்கு விவரங்களைத் தப்பும் தவறுமாக ஏற்றியதால் அலமாரிகள் வேறு காலியாகக் கிடந்தன.

இன்னொன்று இதைவிட யோசிக்க வைத்தது. 2001 மே மாதம் ஆப்பிள் தன் முதல் இரண்டு கடைகளைத் திறந்தபோது, இரண்டு வருடத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஓர் ஆலோசகர் பத்திரிகையில் சொன்னாராம். மற்ற கம்ப்யூட்டர் கம்பெனிகளின் சொந்தக் கடைகள் தடுமாறியதைப் பார்த்து இதுவும் அப்படித்தான் ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள் அன்றைக்கு நிறைய. 2004-லேயே அந்தக் கடைகளின் வருட விற்பனை 100 கோடி டாலரைத் தொட்டது. ஆகவே பயமுறுத்துகிறவர்களின் கணக்கும் ஊகத்தின் மேல்தான் நிற்கிறது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சத்தையும் கேள். அந்தக் கடைகளை நடத்திய ரான் ஜான்சன் 2011 கடைசியில் ஜே.சி.பென்னி என்ற பழைய கடைக் கம்பெனிக்குத் தலைவராகப் போனார். கூப்பனையும் தள்ளுபடி விற்பனையையும் எடுத்துவிட்டு, வருடம் முழுக்க ஒரே சீரான விலை என்று மாற்றினார். நாலு கடையில் சோதித்துப் பார்க்கவில்லை, ஒரேயடியாக எல்லா இடத்திலும். 2012-இல் விற்பனை கிட்டத்தட்ட கால்வாசி சரிந்தது. 2013 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டார்கள். ஆப்பிளில் இவரும் கூட இருந்தவர்களும் திறப்பதற்கு முன்னால் ஒரு கிடங்குக்குள் மாதிரிக் கடையையே கட்டி, திருப்தி இல்லாமல் மாற்றியும் அமைத்தார்கள். அந்தப் பொறுமை இரண்டாவது தடவை இல்லை.

நீ எங்கே சோதித்தாய்? '40 பேரிடம் கேட்டேன், 34 பேர் கட்டாயம் வருவோம் என்றார்கள்' என்று போட்டிருக்கிறாய். முகத்துக்கு நேரே உன்னிடம் யார் வரமாட்டேன் என்பார்கள்? பிரிட்டனின் பெரிய கடைக் கம்பெனியான டெஸ்கோக்காரர்கள் அமெரிக்காவில் கடை திறக்கும் முன் அங்குள்ள வீடுகளுக்குள் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து ஆராய்ந்தார்கள். 2007-இல் திறந்தார்கள், 2013-இல் கைகழுவிவிட்டு வந்தார்கள். திறந்த சமயம் பார்த்து அந்தப் பகுதிகளில் வீட்டு விலை சரிந்து, ஜனங்கள் கையில் காசில்லாமல் போனதும் ஒரு காரணம். எந்த ஃப்ரிட்ஜிலும் அது தெரிந்திருக்காது. ஒரு விடுமுறை நாளில் மேஜை போட்டுக் கொஞ்சம் சரக்கை வைத்து விற்றுப் பார். பர்ஸைத் திறக்கிறார்களா என்பது மட்டும்தான் எனக்கு வேண்டும்.

'அதே தெருவில் இன்னொரு கடை நன்றாக ஓடுகிறது' என்பதை ஆதாரமாகக் காட்டியிருக்கிறாய். ஓடுகிற கடைதான் கண்ணில் படும். மூடியதெல்லாம் பலகையைக் கழற்றிக்கொண்டு போயிருக்கும். நீ பார்த்து வைத்திருக்கும் அந்த இடத்தில் இதற்கு முன் யார் இருந்தார்கள்? ஏன் காலி செய்தார்கள்? இடத்தின் சொந்தக்காரரிடம் கேட்காதே, பக்கத்துக் கடைக்காரரிடம் கேள். கடன் கொடுப்பதற்கு முன் நாங்கள் இடம் பார்க்கப் போனால் முதல் வேலை அதுதான்.

பத்தில் ஒன்பது கடை முதல் வருடமே மூடிவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதே. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி புதிய தொழில்களில் ஐந்தில் ஒன்று முதல் வருடத்தில் மூடுகிறது, ஐந்து வருடத்தில் ஏறக்குறைய பாதி. கடையை மட்டும் பிரித்த கணக்கு இல்லை அது, எல்லாத் தொழிலும் சேர்த்து. ஐந்து வருடம் தாண்டி நிற்கிற பாதியில் நீ ஏன் இருக்கக்கூடாது? இருக்கலாம். உனக்கு அந்தப் பிடிவாதம் சின்ன வயதிலிருந்தே உண்டு. மூடிய பாதியும் இதே மாதிரி ஒரு ஷீட் வைத்திருந்தது என்பதை மட்டும் நினைவில் வை.

பெரியப்பா விஷயத்தை நான் இதில் இழுக்கவில்லை. நீயும் நான் அதை மனதில் வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே. அவர் வேறு, நீ வேறு. அவர் எதையும் எழுதி வைத்ததே கிடையாது.

கையிருப்பைப் பற்றி. லாபம் தொடங்குவது 14-ஆம் மாதம் என்று வருகிறது. கையில் உள்ள பணம் 16-ஆம் மாதம் வரை வரும். நடுவில் இருப்பது இரண்டே மாதம். சரக்கு வர மூன்று வாரம் தாமதமானால், உள்வேலை செய்கிறவர் சொன்ன தேதியில் முடிக்காவிட்டால் (முடிக்க மாட்டார்), அந்த இரண்டு மாதம் போய்விடும். கடை நல்ல கடையாகவே இருக்கும், ஆனால் பணம் தீர்ந்திருக்கும். அப்படி மூடியதை நிறைய பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், விற்பனையைப் பாதியாகப் போட்டுக் கையிருப்பு எந்த மாதம் தீர்கிறது என்று பார். பாதி போட்டுப் பார்.

எல்லா வரியையும் வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். வாடகை, மின்சாரம், ஆட்கள் சம்பளம், காப்பீடு, விளம்பரம். உன் சம்பளம் என்று ஒரு வரி இல்லை. முதலில் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். தேய்மானத்தை மறக்காதவள் இதை மறப்பாளா? மறுபடியும் பார்த்தேன். கடையைத் திறந்து வைப்பது, சரக்கு எடுப்பது, கணக்கு, எல்லாவற்றுக்கும் எதிரில் உன் பெயர்தான் இருக்கிறது, வாரத்தில் ஆறு நாள், காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை. ஆபீசுக்குப் போய்க்கொண்டே இதைச் செய்கிறவர் யார்? அந்த மணி நேரங்களுக்கு நீ பூஜ்யம் போட்டிருக்கிறாய். வேறு ஆளை வைத்தால் என்ன கொடுப்பாயோ அதை எழுதினால் 14-ஆம் மாத லாபம் நஷ்டமாகிவிடுகிறது. நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உனக்கு போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாய். ஆபீஸ் நேரத்தில் நீ எடுத்ததே கிடையாது, மாலையில்தான் திருப்பிக் கூப்பிடுவாய். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடமும் நான் சொல்லவில்லை.

உன் சம்பளத்துக்கு ஒரு வரி சேர்த்து, வீட்டுச் செலவுக்கு மாதம் எவ்வளவு எடுப்பாய் என்று போட்டு, விற்பனையைப் பாதியாக்கி இன்னொரு ஷீட் அனுப்பு. மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து போடட்டும். அவருக்கு இந்தக் கணக்கு தெரியுமா என்று கேட்க நினைத்தேன், தெரிந்திருக்கும்.

வாடகை ஒப்பந்தத்தையும் ஒரு காப்பி அனுப்பு. எத்தனை வருடம் கட்டாயம் இருக்க வேண்டும், இடையில் விட்டால் என்ன தர வேண்டும், வாடகை எப்போது ஏறும், யார் பெயரில் ஜாமீன் என்று பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அனுப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போட்டாகிவிட்டது என்றாலும் அனுப்பு. விலகுவதற்கான ஷரத்து பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும், நான் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா