எம்.எஸ். ஆர்த்தோ: சீட் எடுக்கும் முன் ஓர் இரவு

ஆசிரியருக்கு,

முதுநிலைக் கலந்தாய்வு நெருங்கினால் ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்) விசாரிப்பது இரண்டுதான்: போன வருடம் அந்தக் கல்லூரி எந்த ரேங்கில் முடிந்தது, உதவித்தொகை எவ்வளவு. எலும்பு அறுவை சிகிச்சை முதுநிலைப் படிப்பான எம்.எஸ். ஆர்த்தோவுக்கு இந்தக் கணக்கு போதாது. துறையை நேரில் பார்க்க வேண்டும். 2019 முதல் நடப்பிலுள்ள எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், மாணவர் தானே தேர்ந்தெடுத்துக் கற்கும் எலக்டிவ் காலம் உண்டு. அதைச் சேர விரும்பும் துறையில் கழிக்கக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் துறைத் தலைவரின் அனுமதியோடு இரண்டு நாள் போதும். அதில் ஒன்று யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளாக இருக்கட்டும். இரவும் தங்குங்கள்.

தியேட்டர் பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து கேஸ் நடந்தாலும், பிஜி (முதுநிலை) மாணவர் காயத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரை இழுத்துக்கொண்டே நின்றால் அவை அவருடைய கேஸ்கள் அல்ல. இடுப்பு முறிவுக்கு, தொடை எலும்புக்குள் செலுத்தும் உலோகத் தண்டான பி.எஃப்.என். நெயில் போடும்போது கவனியுங்கள். டிராக்‌ஷன் டேபிளில் (காலை இழுத்துப் பிடிக்கும் மேசை) முறிவைச் சேர்ப்பது யார்? நெயிலுக்கு வழிகாட்டும் கம்பியான கைடு வயருக்கு இடம் பார்ப்பது யார்? முதல் வருடத்தவர் நோயாளியைப் படுக்கவைப்பதில் தொடங்கி, இரண்டாம் வருடத்தில் முறிவைச் சேர்த்து நெயிலுக்கு வழி திறந்து, மூன்றாம் வருடத்தில் முழுக் கேஸையும் செய்ய, எதிரில் ஓர் ஆசிரியர் கையுறையோடு நின்றால் அங்கே தொழில் கற்கலாம். எதிரில் ஆளே இல்லாத துறையும் உண்டு. 'எல்லாம் நாங்களே செய்கிறோம்' என்று அங்குள்ள பிஜிக்கள் பெருமையாகச் சொல்வார்கள். முறிவு சரியாகச் சேராமலே நெயில் போட்டால் சுட்டிக்காட்ட யாரும் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இரவில் எலும்பு வெளியே தெரியும் கால் வந்தால், ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போகிறதா? காயத்தைக் கழுவ தியேட்டர் திறக்கிறதா, இல்லை கட்டுப்போட்டு விடியும்வரை வார்டில் கிடக்கிறதா? எலும்பை மூடத் தசையும் தோலும் போதாத 3பி வகைக் காயங்களுக்குக் கோவை கங்கா மருத்துவமனை வகுத்த மதிப்பெண் முறை இருக்கிறது: 14 வரை காலைக் காப்பாற்றலாம், 17-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ எடுப்பதே பெரும்பாலும் வழி, 15, 16 அனுபவஸ்தர் முடிவு. அந்த எண் கேஸ் ஷீட்டில் இருக்கிறதா, காலை மீட்டிங்கில் அதைப் பற்றிக் கேள்வி எழுகிறதா என்று பாருங்கள்.

அறுவையின்போதே எலும்பைத் திரையில் காட்டும் எக்ஸ்ரே கருவியான சி-ஆர்ம் எத்தனை என்றும் எண்ணுங்கள். இரண்டு டேபிளுக்கு ஒன்றே இருந்தால் ஒரு டேபிள் காத்துக் கிடக்கும். இடுப்பு முறிந்த முதியவர் அடுத்த லிஸ்ட்டுக்குத் தள்ளப்படுவார், படுக்கைப்புண் வரும்.

இறுதியாண்டு பிஜி தன் கேஸ்களைப் பதியும் லாக்புக்கைக் கேட்டு வாங்குங்கள். உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று பிரித்துப் படியுங்கள். விபத்துக் கேஸ்கள் பக்கம் பக்கமாக இருக்கும். மூட்டு மாற்று, ஆர்த்ராஸ்கோப்பி (மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் சிகிச்சை), முதுகெலும்புப் பக்கங்கள்தான் விஷயம் சொல்லும். முதலாண்டு பிஜியைத் தனியே கேன்டீனில் பிடியுங்கள்: வார விடுப்பு நிஜமாகக் கிடைக்கிறதா, ரத்த வங்கிக்கு ஓடுவது யார், மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பணி எப்போது வருகிறது?

லாக்புக் எழுதுவது ஏற்கெனவே கட்டாயம். ஒவ்வொரு துறையும் இறுதியாண்டு மாணவர்கள் செய்த கேஸ்களின் சராசரி எண்ணிக்கையைக் கலந்தாய்வுக்கு முன் கல்லூரி இணையதளத்தில் வெளியிட, மருத்துவக் கல்வி இயக்ககம் உத்தரவிட வேண்டும். மாணவர் பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும்.

– எலும்பு முறிவு சிகிச்சை மருத்துவர், மதுரை