கடற்படைப் பீரங்கிக்குத் தேவை புதிய எறிகணை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் மின்காந்தப் பீரங்கி பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். வெடிமருந்தால் சுடும் கப்பல் பீரங்கிகள் எல்லாம் இனி அருங்காட்சியகத்துக்குத்தான் என்று அது முடிந்திருந்தது. உயர்தரப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். என் மருமகன், அக்காவின் மகன், கொள்கலன் கப்பலொன்றில் வேலை செய்கிறான். செங்கடல் அவன் போய்வரும் வழி. ஆகவே இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மின்காந்தப் பீரங்கியில் வெடிமருந்து கிடையாது. சமாந்தரமான இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே எறிகணையை வைத்து, ஒன்றால் போய் மற்றதால் திரும்பும்படி பல இலட்சம் அம்பியர் மின்னோட்டத்தைப் பாய்ச்சுகிறார்கள். அதனால் உண்டாகும் காந்தப்புலம் எறிகணையைத் தள்ளிவிடுகிறது. பிளெமிங்கின் இடக்கை விதி தெரிந்த பிள்ளைக்கு இது விளங்கும். 2010 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வேர்ஜீனியாவில் 33 மெகா யூல் சக்தியுடன் இப்படிச் சுட்டுக் காட்டியது. ஒரு தொன் வாகனங்கள் 33 சேர்ந்து மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதினால் எவ்வளவோ, அவ்வளவு சக்தி. ஆனால் சுடச் சுடத் தண்டவாளம் தேய்ந்துபோகிறது. அவ்வளவு மின்சாரத்தைச் சேர்த்துவைத்து நொடிப்பொழுதில் கொட்டுவதும் ஒரு கப்பலுக்கு லேசான காரியமல்ல. 2021 இல் அமெரிக்கா அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. ஜப்பான் கைவிடவில்லை. 2023 ஒக்டோபரில் 40 மில்லிமீற்றர் மின்காந்தப் பீரங்கியைக் கப்பலில் வைத்துச் சுட்டுப் பார்த்தது. வேகம் விநாடிக்கு 2,000 மீற்றருக்கு மேல். பாராட்டத்தக்க முயற்சிதான்.

கட்டுரை சொல்லாமல் விட்ட விடயம் ஒன்று உண்டு. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மின்காந்தப் பீரங்கிக்கென்று செய்த மெல்லிய, கூரான, தானே திசை திருத்திக்கொள்ளும் எறிகணை இருக்கிறதே, அதைச் சாதாரண ஐந்து அங்குலப் பீரங்கியிலேயே போட்டுச் சுடலாம் என்று கண்டுகொண்டார்கள். குழலைவிட ஒடுங்கிய எறிகணையைச் சுற்றி ஓர் உறை. குழலை விட்டு வெளியே வந்ததும் உறை கழன்று விழும், எறிகணை மட்டும் பறக்கும். எடை குறைவு, காற்றுத்தடையும் குறைவு. ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகம் அதற்கு வருகிறது. 2018 இல் ஹவாயை அண்டிய கடலில் பல நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து நடத்திய ரிம்பக் பயிற்சியின்போது டூயி என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் இப்படி 20 எறிகணைகளைச் சுட்டது. 2020 செப்டெம்பரில் நியூ மெக்சிகோவில் தரைப்படைப் பீரங்கியிலிருந்து சுட்ட இதே வகை எறிகணை, விமானம்போல் தாழப் பறந்து வரும் குரூஸ் ஏவுகணைக்குப் பதிலாகப் பறக்கவிட்ட இலக்கை வீழ்த்தியது. சுடும் கணத்தில் புவியீர்ப்பைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேலான ஆர்முடுகலைத் தாங்கி உள்ளே இருக்கும் மின்னணுப் பாகங்கள் வேலை செய்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

வேகம் ஏன் வேண்டும்? சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஐந்து கிலோமீற்றர் தூரத்தில் ஓர் ஏவுகணை விநாடிக்கு 250 மீற்றர் வேகத்தில் போகிறது. நம் எறிகணையின் சராசரி வேகம் 600 மீற்றர் என்றால் அங்கே போய்ச் சேர எட்டு விநாடிக்கு மேலாகும். அதற்குள் ஏவுகணை இரண்டு கிலோமீற்றர் நகர்ந்துவிடும். சராசரி 1,000 மீற்றர் என்றால் ஐந்தே விநாடி. எங்கே இருக்கும் என்று ஊகிக்க வேண்டிய தூரம் அவ்வளவுக்குக் குறைகிறது. மிச்சத்தை எறிகணையே திருத்திக்கொள்ளும். வேகம் இரட்டித்தால் இயக்கப்பாட்டுச் சக்தி நான்கு மடங்காகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பறந்து வருவதை வீழ்த்த முடியாத பீரங்கி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை என்பதைக் கொழும்பு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1942 ஏப்ரல் 4 இரவு நம் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற பிரித்தானியக் கப்பல்கள் இரண்டிலும் எட்டு அங்குலப் பீரங்கிகள் எட்டெட்டு இருந்தன. மறுநாள் ஜப்பானிய விமானங்கள் சில நிமிடங்களுக்குள் இரண்டையும் மூழ்கடித்தன. 424 பேர் இறந்தார்கள்.

அப்புறம் விலை. அமெரிக்காவின் சும்வோல்ட் வகை நாசகாரிக் கப்பல்களுக்கென்றே 155 மில்லிமீற்றர் பீரங்கி செய்தார்கள், அதற்கென்றே தனி எறிகணையும் செய்தார்கள். 32 கப்பல் கட்டும் திட்டம் மூன்றாகச் சுருங்கியதும் ஒரு எறிகணையின் விலை எட்டு இலட்சம் டொலரையும் தாண்டியது. 2016 இல் அதை வாங்குவதையே நிறுத்தினார்கள். சுட எதுவும் இல்லாமல் நின்ற அந்தப் பீரங்கிகளைக் கழற்றி, அந்த இடத்தில் ஏவுகணை வைக்கிறார்கள். நான் சொன்ன உறை எறிகணையோ ஒரு இலட்சம் டொலருக்குள் அடங்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ட்ரோன் ஒன்றை வீழ்த்தக் கப்பல்கள் சுடும் ஏவுகணை இருபது இலட்சம் டொலர் அளவில் வரும்.

செங்கடலில் இந்தக் கணக்கு உண்மையாகவே நடந்தது. யேமனின் ஹூதி ஆயுதக் குழு கப்பல்கள் மீது நடத்திய தாக்குதல்களைத் தடுக்க அமெரிக்கக் கப்பல்கள் ஏவுகணைகளோடு ஐந்து அங்குலப் பீரங்கியையும் பயன்படுத்தின. 2024 மார்ச்சில் இத்தாலியின் கயோ டூலியோ கப்பல் தன் 76 மில்லிமீற்றர் பீரங்கியாலேயே ட்ரோனைச் சுட்டு வீழ்த்தியது. அதே மாதம் ட்ரூ கொன்பிடன்ஸ் என்ற சரக்குக் கப்பலில் ஏவுகணை விழுந்து மூவர் உயிரிழந்தனர். அந்தக் கப்பலில் இருந்த ஆயுதக் காவலர்களில் இருவர் இலங்கையர். அந்தச் செய்தி வந்த அன்று அக்கா சாப்பிடவே இல்லை. மருமகனுடைய கப்பல் அப்போது ஆபிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது என்று எத்தனை தரம் சொல்லியும் அவவுக்கு மனம் ஆறவில்லை.

வடக்கில் பிறந்து வளர்ந்த எனக்கு எறிகணை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்மனைகளுக்குள் விழும் எறிகணையை நான் ஒருநாளும் ஆதரிக்கமாட்டேன். மாலுமிகளின் தலைக்கு மேல் வருவதை வானத்திலேயே தடுக்கும் எறிகணையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி, செங்கடலுக்கு நம் கடற்படைக் கப்பலொன்றை அனுப்புவதாகவும் இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபாய் செலவாகும் என்றும் சொன்னார். பணத்தைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. போகிற கப்பலால் ஒரு ட்ரோனையாவது தடுக்க முடியுமா என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போனது. நம் கஜபாகு கப்பலில் இருப்பதும் அதே இத்தாலிய இனத்து 76 மில்லிமீற்றர் பீரங்கிதான். அந்த இனத்துக்கு டார்ட் என்ற வழிகாட்டப்படும் எறிகணை இத்தாலியில் இருக்கிறது. விநாடிக்கு 1,200 மீற்றர் வேகத்தில் புறப்படுவது. ஆனால் எறிகணையை மட்டும் வாங்கினால் போதாது. இலக்கைப் பின்தொடரும் ராடரும் சுடும் கணினியும் அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். செலவு அங்கேதான் அதிகம்.

வேற்று நாடுகள் பாவித்த கப்பல்களை வாங்கியும் நன்கொடையாகப் பெற்றும் கடற்படை நடத்தும் நாடு நாம். அடுத்த கப்பல் வரும்போது அதன் நீளத்தையும் வயதையும் மட்டும் கேட்காமல், பீரங்கி என்ன எறிகணையைச் சுடும், ராடர் எத்தனையாம் ஆண்டினது என்றும் நாடாளுமன்றத்தில் யாராவது கேட்க வேண்டும். தங்கள் நிருபர்களும் கேட்கலாம். கேட்டு, கிடைக்கும் பதிலைத் தமிழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.