வில்டாகிளிப்டின் மாத்திரையால் வந்த கொப்புளங்களைப் பதிவு செய்ய மறுத்தது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், மருந்துப் பாதுகாப்புப் பிரிவு

ஐயா,

எழுபத்தொரு வயதாகும் என் தாயார், சர்க்கரை நோய்க்காகத் தங்கள் நிறுவனத்தின் வில்டாகிளிப்டின் 50 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையைச் சுமார் இரண்டு ஆண்டுகள் காலையும் இரவும் தவறாமல் சாப்பிட்டு வந்தார். 2019 டிசம்பரில் காப்புரிமை முடிந்து இம்மருந்தின் விலை இறங்கியபோது மகிழ்ந்தவர்களில் நாங்களும் உண்டு.

முதலில் வந்தது அரிப்புதான். சோப்பை மாற்றினோம், வேப்பிலை அரைத்துப் பூசினோம், வயதானால் தோல் வறளும் என்று சொல்லி இரண்டு மாதங்களைக் கழித்தோம். பிறகு தொடையிலும் வயிற்றிலும் நெல்லிக்காய் அளவில், தொட்டால் விண்ணென்றிருக்கும் நீர்க்கொப்புளங்கள் எழுந்தன. அவை உடைந்த இடத்தில் புடவை ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தோலோடு வந்தது. நான்கு இரவுகள் அம்மா வாழையிலையில்தான் படுத்தார்.

திசுப் பரிசோதனைக்குப் பின் தோல் மருத்துவர் இதனைப் புல்லஸ் பெம்பிகாய்ட் என்றார். மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குவதால் வரும் இந்நோய், கிளிப்டின் வகை மருந்துகளால், அவற்றுள்ளும் வில்டாகிளிப்டினால், முதியவர்களுக்கு அரிதாக வருவதுண்டு என்றும், மருந்து தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் தோன்றலாம் என்றும் விளக்கி, மாத்திரையை அன்றே நிறுத்தினார். கொப்புளங்களுக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு சர்க்கரையை 340-க்கு ஏற்றிவிட, இப்போது அம்மா இன்சுலின் ஊசியில் இருக்கிறார்.

மருந்து கெட்டது என்பது என் புகார் அன்று. இந்த விளைவு மருத்துவர்களுக்கான குறிப்பில் இருக்கிறது. மாத்திரையை விழுங்குகிறவருக்குத்தான் அது வந்து சேரவில்லை. எங்கள் ஊர் மருந்துக்கடையில் மாதக்கடைசியில் ஆறு மாத்திரை, பத்து மாத்திரை என்று அட்டையைக் கத்தரித்துத்தான் வாங்குகிறோம். அதனுடன் எந்தத் தாளும் வருவதில்லை. அரிப்பு வந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று அட்டையின் பின்புறம் தமிழில் ஒரு வரி இருந்திருந்தால், அந்த இரண்டு மாதங்களும் வேப்பிலையோடு போயிருக்காது.

இதைத் தெரிவிக்கத் தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணை மூன்று முறை அழைத்தேன். முதல் இரண்டு முறை, மருத்துவரைக் கேளுங்கள் என்றார்கள். மூன்றாம் முறை, அட்டையில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இல்லாமல் பதிவு செய்ய இயலாது என்றார் ஒருவர். தொகுதி எண் அச்சிட்ட முனை எங்களுக்கு முன்னால் வாங்கியவர் வீட்டில் அல்லவா இருக்கும்! பக்கவிளைவு ஒன்றைப் பதிவதற்கு நோயாளி, தெரிவிப்பவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நேர்ந்த விளைவு ஆகிய நான்கு விவரங்கள் போதும் என்பது தங்கள் பிரிவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே, இக்கடிதத்தையே முறையான அறிக்கையாகப் பதிந்து அதன் எண்ணை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அழைப்பை எடுப்பவர்களுக்கு அந்த நான்கு விவரங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளப் பயிற்சி அளிக்க வேண்டும். அட்டையிலேயே தமிழில் எச்சரிக்கை அச்சிடுவது குறித்துத் தங்கள் முடிவையும் அறிய விரும்புகிறேன். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் இதனைத் தெரிவித்துவிட்டேன்.

திசுப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டுகள், எஞ்சிய நான்கு மாத்திரைகளின் ஒளிப்படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். மாத்திரைகள் என்னிடமே உள்ளன, கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்
கும்பகோணம்