அணுக்கழிவுக்கு இன்னும் எத்தனை வாய்தா?

மத்திய அணுசக்தித் துறைக்கும் இந்திய அணுமின் கழகத்துக்கும்,

வணக்கம்.

கூடங்குளத்தில் ஐந்தாம், ஆறாம் உலைகள்வரை வந்துவிட்ட உங்களிடம் முதல் இரண்டு உலைகளின் கழிவைப் பற்றிக் கேட்பது அலுப்பூட்டலாம். எங்களுக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இருந்தாலும் கேட்கிறோம்: அந்தக் கழிவு கடைசியில் எந்த ஊருக்குப் போகும்?

1988 ஒப்பந்தப்படி சோவியத் ஒன்றியமே எடுத்துக்கொள்வதாக இருந்தது. பிறகு அது மாறி நம் தலையில் விழுந்தது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கோலார்க்காரர்கள் கொதித்தவுடன் அப்படி ஒரு திட்டமே இல்லை என்றீர்கள். கொடுத்துவைத்தவர்கள்! அதே ஆண்டு செப்டம்பரில், அணு உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரைக்குக் கிடைத்தது கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. எஞ்சியவர்கள்மீது தேசத்துரோக வழக்கு.

வழக்கு என்றால் என்னவென்று மும்பையில் இருக்கும் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. வாய்தா நாளில் கடலுக்குப் போக முடியாது. வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போய், கோர்ட் வராந்தாவில் மதியம்வரை நின்று, பெயர் கூப்பிட்டதும் ஓடிப்போய்க் கைகட்டி நின்று, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். வளைகுடா வேலைக்குக் காத்திருந்த பையன்களுக்குப் பாஸ்போர்ட் நின்றுபோனது. பல வழக்குகள் பிறகு திரும்பப் பெறப்பட்டன. பையன்களுக்கு வயது போனது போனதுதான்.

உங்களுக்கும் வாய்தா உண்டு. கழிவை உலைக்கு வெளியே பாதுகாக்கும் மையத்தை ஐந்து ஆண்டுகளில் அமைக்க வேண்டும் என்பது 2013 மே மாதத் தீர்ப்பு. 2018இல் போய் 2022 வரை அவகாசம் வாங்கினீர்கள். எங்கள் ஆட்கள் ஒரு தேதிக்குப் போகாவிட்டால் வாரண்ட் வரும். அந்த மையமும் அணுமின் நிலைய வளாகத்துக்குள்ளேயேதான், அதுவும் தற்காலிகம். கழிவிலுள்ள புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பச் சொல்லி முதலமைச்சர் 2022இல் பிரதமருக்கு எழுதியும் பார்த்தார்.

எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்பீர்கள். 2019 அக்டோபரில் உங்கள் கணினியில் வைரஸ் புகுந்த செய்தியை ஒருநாள் மறுத்து மறுநாள் ஒப்புக்கொண்டவர்களும் நீங்கள்தானே?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். நிரந்தரக் கிடங்கு எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதை எழுத்தில், தமிழில் தெரிவியுங்கள். அதுவரை புதிய உலைகளை இயக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இடிந்தகரையிலிருந்து ஒரு குடிமகன்