டைட்டானிக் வேண்டாம், மகளே

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு மெல்பர்னில் உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் மழுப்பியதன் காரணம், வேண்டாம் என்று சட்டென்று சொன்னால் உன் முகம் வாடிவிடுமே என்ற தயக்கம்தான். என் அறுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு 9,090 துண்டுகளை இணைத்துக் கட்டும் லெகோ பொம்மைக் கப்பலான டைட்டானிக்கை வாங்கி அனுப்புவதாகச் சொன்னாய். 2021இல் அது வெளிவந்தது முதல் அதன் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் கட்டி முடித்தால் 135 சென்டிமீட்டர் நீளும் அக்கப்பலை நம் வீட்டில் எங்கே நிறுத்துவது? அத்தனை நீளத்துக்கு வெறுமையாக இருப்பது சாமி மேடைக்கு முன்னால் உள்ள இடம் மட்டுமே. அதை உன் அம்மா எந்தக் கப்பலுக்கும் விட்டுத்தர மாட்டாள்.

இடமில்லை என்பதும் பாதிச் சாக்குதான். கட்டி முடித்த கப்பல் அப்படியே நின்றுவிடும்; எனக்கோ கலைத்துக் கலைத்துக் கட்டினால்தான் கை அடங்குகிறது. ஓய்வு பெற்றதும் வாங்கினேனே, அந்த லெகோ மரவீட்டையே எடுத்துக்கொள். 2019இல் வந்த அந்தச் செட்டில் 3,036 துண்டுகள். அதன் இலைகள் கரும்பிலிருந்து எடுக்கும் பாலித்தீனால் ஆனவை; கட்டைகளின் ஏபிஎஸ் நெகிழியைப் போல விறைப்பாக இல்லாமல் விரலுக்கு மெத்தென்று இருக்கும். பச்சையில் ஒரு தொகுதி, மஞ்சளும் பழுப்புமாக இன்னொரு தொகுதி என இரண்டு பருவத்து இலைகளும் பெட்டியிலேயே உண்டு. வடதேசத்து இலையுதிர் காலத்தை எண்ணித்தான் அப்படிச் செய்திருப்பார்கள். நான் அந்தப் பழுப்பிலைகளைப் பிப்ரவரியில் மாட்டினேன், ஏனென்றால் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை உதிர்க்கும் மாதம் அதுதான். தோட்டம் முழுதும் எண்ணெய் எடுக்கும் செம்பனையான பிறகு இந்தப் பக்கத்தில் இலையுதிர்வையே காண முடியவில்லை. செம்பனைக்கு ஏது பருவம்? இப்போது அது நம் கூடத்து மேசையில் மட்டும் நடக்கிறது.

செம்பனை ஆலையில் முப்பது ஆண்டு ஃபிட்டராக இருந்தவன் பொம்மையைப் பார்க்கும் பார்வை வேறு. பழைய மைலோ டின்னில் நீ சிறுமியாக இருந்தபோது விளையாடிய கட்டைகள் அகப்பட்டதும் முதலில் வெர்னியர் காலிப்பரைத்தான் எடுத்தேன். மேலே துருத்தும் குமிழ்களைக் கணக்கில் சேர்க்காமல் உன் பழைய கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், புதியதும் 9.6. மெல்லிய தட்டை 3.2 ஆகையால் மூன்று தட்டைகளை அடுக்கினால் ஒரு கட்டையின் உயரம் வந்துவிடுகிறது. டென்மார்க்கில் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டையோடு இன்றைய கட்டை பொருந்தும் என்றால், அச்சை எவ்வளவு கவனமாகக் காத்து வந்திருக்கிறார்கள் என்று பார். அதற்கு முந்தைய கட்டைகளின் உட்புறம் வெறும் பொள்ளல். அடுக்கினால் எளிதில் நழுவிவிடும். உள்ளே குழல்களை வைத்த பிறகுதான் கீழ்க் கட்டையின் குமிழை மேல் கட்டையின் குழலும் சுவரும் சேர்ந்து இறுக்கிப் பிடித்தன. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாக வாங்கிய போலிக் கட்டைகளை ஒருமுறை கலந்து பார்த்தேன். சில கழலவே இல்லை, சில நிற்கவே இல்லை. அன்றே அவற்றைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன்.

எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 915,103,765 விதங்களில் இணைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். என் ஆசை அவற்றில் ஒரே ஒரு விதம். அந்த மரவீட்டின் அருகில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உன் பாட்டி இரு வாளிப் பாலைக் காண்டாக்கம்பில் தோளேற்றி வந்து வரிசையில் நின்ற கொட்டகை அது. நீ பிறப்பதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். தூண்கள் எழுந்துவிட்டன, தராசும் ஒருவாறு அமைந்துவிட்டது. தகரக் கூரைக்குத்தான் துண்டுகள் போதவில்லை.

ஆகவே டைட்டானிக்குக்குப் பதிலாக, லெகோ கடையில் உதிரிகளைக் குவளையில் அள்ளித் தருவார்களே, அங்கே இரண்டு குமிழ் அகலமும் எட்டுக் குமிழ் நீளமும் உள்ள வெளிர்சாம்பல் தட்டைகள் அறுபது கிடைக்குமா என்று பார். தீபாவளிக்கு வரும்போது கைப்பையிலேயே கொண்டு வந்துவிடலாம். கரும்சாம்பல் வேண்டாம், அது புதுத் தகரம்போல் இருக்காது.

டின்னில் இருந்த சிவப்புக் கட்டை ஒன்றில் உன் பல்தடம் இருக்கிறது. ஓரம் நசுங்கியதால் மற்றக் கட்டைகள் அதன்மேல் சரியாக உட்காரவில்லை. எறிய மனமின்றி, கொட்டகை வாசலில் கணக்கெழுதும் கிராணி உட்காரும் முக்காலியாகப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா