கடைத்தெருவுக்கு வர்ற பொம்பளைங்களுக்கு ஒதுங்க ஒரு இடம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மயிலாடுதுறை கடைத்தெருவுல 22 வருஷமா பிளவுஸ் மேட்சிங் கடை வச்சிருக்கேன். லைனிங், ஃபால்ஸ், ஹூக்கு, குஞ்சம் இதான் யாவாரம். முன்ன மாதிரி கூட்டம் இல்ல, ஆன்லைன் எல்லாத்தையும் கெடுத்துடுச்சுன்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க. நான் அதை பாதிதான் ஒத்துக்குவேன். மேட்சிங் துணியை போன்ல பாத்து வாங்க முடியாது, சேலையைக் கொண்டாந்து வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாத்துதான் வாங்கணும், அவங்களே வர யோசிக்கிறாங்கன்னா வேற காரணம் இருக்குல்ல.

எங்ககிட்ட வாங்கறவங்க பாதிக்கு மேல டவுன்காரங்க இல்ல. குத்தாலம், மணல்மேடு, செம்பனார்கோயில், மங்கைநல்லூர் பக்கத்துலேர்ந்து பஸ் ஏறி வர்ற பொம்பளைங்க. ஒரு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கணும்னா காலையில பத்து மணிக்கு வந்தா சாயங்காலம் வரைக்கும் ஆவும், நகைக்கடை பாத்திரக்கடை தையக்கடைன்னு ஏறி இறங்கணும். அவ்ளோ நேரத்துல பாத்ரூம் போவணும்னா கைப்பை, கட்டைப்பை, குழந்தை எல்லாத்தையும் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பி நடக்கணும். அதனால "அக்கா, உள்ள பாத்ரூம் இருக்கா"ன்னு காதுகிட்ட வந்து மெதுவா கேப்பாங்க. கேக்கும்போதே மூஞ்சி சுருங்கிப் போயிருக்கும். என் வீடு கடைக்கு மேல மாடியிலங்கறதால கூட்டிட்டுப் போயிடுவேன். போன ஆவணி முகூர்த்தத்துல ஒரே நாள்ல 11 பேரு. மாடி இல்லாத கடையில கேட்டா அவங்க என்ன பண்ணுவாங்க? நிறைய பேரு கிளம்பறப்பவே தண்ணி குடிக்காமதான் வர்றாங்க, சக்கரை இருக்கற ஒரு அம்மா அப்படி வந்து வெயில்ல தலை சுத்தி எங்க படியிலயே சரிஞ்சு உக்காந்துட்டாங்க. பாத்ரூம், ஏசி, உக்கார சேர் எல்லாம் இருக்கற பெரிய கடை மெயின் ரோட்டுல வந்தா அவங்க அங்க போறதுல என்ன தப்பு இருக்கு.

அடுத்தது தெருவுல நடந்து போற கஷ்டம். இதுல எங்க தப்பும் இருக்கு, மறைக்க மாட்டேன். ரோட்டோரம் பூரா பைக்கு, வடிகால் சிலாப்பு மேல எங்க பொம்மையும் ஸ்டாண்டும். நானும் வச்சிருந்தேன். சித்திரையில ஒரு பாட்டி என் ஸ்டாண்டைச் சுத்திப் போவ ரோட்டுல இறங்குச்சு, பைக்காரன் இடிச்சு கையில எலும்பு விட்டுடுச்சு. அன்னைக்கே எல்லாத்தையும் உள்ள எடுத்தேன். வெளில துணி தொங்கலைன்னு எனக்கு யாவாரம் ஒண்ணும் குறையல.

சென்னை பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல நடக்கறவங்களுக்குன்னே அகலமா பிளாட்பாரம் போட்டு திறந்தாங்க, போய்ப் பாத்தேன், வயசானவங்கல்லாம் உக்காந்து பேசிட்டிருந்தாங்க. அவ்ளோ கோடி செலவு பண்ணச் சொல்லல. ஐப்பசி ஒரு மாசம் மட்டும் பண்ணிப் பாக்கலாம். துலா முழுக்குக்கு காவிரிக்கு வர்ற கூட்டம், தீபாவளி கூட்டம் ரெண்டும் அப்பதான், ஐப்பசி கடைசி நாள் முழுக்கான கடைமுகம் முடியற வரைக்கும் சாயங்காலம் 5 மணிலேர்ந்து 9 மணி வரைக்கும் காரும் லோடு வண்டியும் உள்ள வரக்கூடாது, லோடு இறக்கறவங்க காலையில ஒன்பதுக்குள்ள இறக்கிக்கணும்.

ஐப்பசின்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எங்க யாவாரம் மேட்டூர் தண்ணியை நம்பி இருக்கு. அணையை ஜூன் 12 திறந்தா குறுவை நெல்லு அறுத்து தீபாவளிக்கு முன்னாடி கையில காசு இருக்கும். 2024ல ஜூலை 28தான் திறந்தாங்க, பம்புசெட்டு வச்சிருந்தவங்கதான் தைரியமா குறுவை போட்டாங்க, அந்த தீபாவளிக்கு என் கடன் நோட்டுல வசூல் ஆவாத பக்கம்தான் அதிகம். முன்னல்லாம் நெல்லு போட்ட பணத்தைக் கையில வாங்கிட்டு நேரா கடைத்தெருவுக்கு வருவாங்க. இப்ப அக்கவுண்ட்ல ஏறுது, வீட்டுல உக்காந்தே செலவழிச்சுடலாம், அப்ப இந்தத் தெருவுக்கு வர்றது அவங்களுக்கு சங்கடமா இருக்கக் கூடாதுல்ல.

தெருவை சுத்தம் பண்றோம்னு பூக்காரம்மாவையும் பழவண்டிக்காரங்களையும் மட்டும் விரட்டறதை நான் ஒத்துக்க மாட்டேன். பூ வாங்க நிக்கறவங்கதான் எங்க கடையை ஏறிட்டுப் பாக்கறாங்க. 2014ல வந்த தெரு வியாபாரிகள் சட்டத்துல, கணக்கெடுப்பு முடிச்சு சான்று குடுக்கற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாதுன்னு இருக்கு, ஊர் விற்பனைக் குழுவுல நூத்துக்கு 40 பேராவது தெரு வியாபாரிங்களா இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க. அவங்களையும் கூப்ட்டு வச்சு எந்த இடம்னு கோடு போட்டுக் குடுங்க.

பொறுப்புல இருக்கறவங்ககிட்ட முதல்ல கேக்கறது ஒண்ணுதான், கடைத்தெரு நடுவுல பொம்பளைங்களுக்கு தண்ணி வசதியோட நாலு பாத்ரூம், பக்கத்துல நிழல்ல ரெண்டு பெஞ்சு. சுத்தம் பண்ற ஆளுக்கு சம்பளம் போட எங்க வரிசையில ஏழு கடைக்காரங்ககிட்ட பேசிட்டேன், மாசம் ஆளுக்கு 300 ரூபா தர்றேன்னு சொல்லியிருக்காங்க. சாவியை நான் வச்சுக்கறேன், காலையில ஒன்பது மணிக்கு கடை திறக்கும்போதே அதையும் திறந்துடுவேன்.

இப்படிக்கு,
மேட்சிங் கடை நடத்தும் வாசகி,
மயிலாடுதுறை